நஸ்ரினாவுக்குக் கிடைக்காத இத்தா

அஸர் தொழுதுவிட்டுப் பேக்கரிக்குத் திரும்பியபோது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ரிஸ்வானின் மனைவி நஸ்ரினா வாசலில் நின்றாள். கையில் கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கடிதம். "நானா, இதுல என்ன எழுதி ஈக்கி? அவர் வாற திகதியா?" என்று அண்ணனிடம்போல் என்னிடம் கேட்டாள். நான்தான் வாசித்தேன். ரிஸ்வான் போரில் பிடிபட்டு, கைதியாக இருந்த இடத்தில் நெஞ்சுச்சளி முற்றி இறந்துவிட்டான். அங்கேயே அடக்கியும் விட்டார்கள். வயது இருபத்தாறு. அவன் இறந்து ஐந்து மாதம் கடந்திருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் அவனிடம் பாண் வாங்காதவர்கள் உங்களில் குறைவு. நான் சுடுவேன், அவன் முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டு விற்பான். யாரோ இறந்த மௌத்து வீடு இருக்கும் ஒழுங்கையில் மட்டும் பாட்டை நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான். அங்கே ஒரு பணிஸ்கூட விற்காது. ஏனடா வீணாகப் போகிறாய் என்றால், "இண்டைக்கு அவங்களுக்குப் பசிக்காது நானா. புள்ளைகளுக்குப் பசிக்குமே" என்பான்.

ஏஜெண்ட் ஒருவன் வந்தான். யாரோ இரண்டு நாடுகள் அடித்துக்கொள்ளும் இடம்தான், ஆனால் வேலை, முகாமில் பாண் சுடுவது என்றான். போனில் படமும் காட்டினான். "நானா, நீங்க பாத்துச் சொல்லுங்க, போகவா?" என்றான் ரிஸ்வான். பார்த்தேன். பளபளவென்று மின்சாரப் போறணை, ஒரே தடவையில் இருநூறு இறாத்தல் பாண் வேகும். விறகுப் புகையில் கண் எரிந்து சலித்தவனுக்கு அது போதாதா? பக்கத்தில் நின்றவர்களின் தோளில் பட்டாளத்துத் துவக்கு தொங்கியதை நான் கவனிக்கவே இல்லை. "நல்ல போறணை, போ" என்றேன். அந்த மடத்தனத்துக்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருப்பார்கள். அது மௌத்தான நாளிலிருந்து எண்ணப்படும், செய்தி வந்த நாளிலிருந்து அல்ல. "ஒங்கட இத்தா முடிஞ்சிட்டும்மா" என்று மௌலவி மெதுவாகச் சொன்னார். நஸ்ரினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெருநாளைக்கு நான் புது உடுப்புப் போட்டேன். கலியாண வீட்டுக்கும் போனேன். அதுவா என்ட இத்தா?" என்றாள். பள்ளியில், உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸா தொழுதோம். மையித்து இல்லை, அடக்கிய கபுறு எங்கே என்று தெரியாது. அவனுக்காக உட்கார்ந்து அழ ஒதுக்கப்பட்ட நாட்களும் அவளுக்குத் தெரியாமலே போய்விட்டன.

நேற்று அவள் என்னிடம் கேட்டாள், "நானா, அவர் சண்டைக்குப் போனது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது தங்கச்சி" என்றேன். பொய். அங்கே போய் மூன்றாம் வாரத்திலேயே எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். அவனுடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். "நானா, இங்க பாண் சுடுற வேல இல்ல. துவக்கு தந்தீக்கி. எப்படியாச்சும் என்ன எடுக்கப் பாருங்க. நஸ்ரினாட்ட சொல்ல வாணாம், பயந்துடுவா." ஏஜெண்டுக்கு நான்கைந்து தடவை அழைத்தேன். போன் அணைந்து கிடந்தது. பிறகு அழைக்கவில்லை.

நான் எழுதும் இதை நஸ்ரினாவும் வாசிப்பாள், வாசிக்கட்டும். அவன் என்னிடம் கேட்டது இரண்டு. நான் செய்தது, அவளிடம் சொல்லாமல் இருந்தது மட்டும்.