நான் மேடையில் சொன்ன முதல் சாட்சி

போன லெந்து தவக்காலத்தில் மைக்கைப் பிடித்து, என் வலது கண் சுகமாகிவிட்டது என்று சாட்சி சொன்னவள் நான்தான். நம் சபையார் பலர் அங்கே இருந்தீர்கள். கை தட்டினீர்கள். அது பொய். அந்தப் பொய்யிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி இழுத்துப் போட்டார் என்று இப்போது சொல்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை டியூப்லைட்டுக்கு அடியில் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இடது கண் சின்ன வயசிலிருந்தே மங்கல்; பதினாறு வருஷமாக இந்த வலது கண்தான் எனக்குச் சோறு போடுகிறது. பொங்கல் முடிந்ததும் அது சிவந்தது, வலித்தது, மங்கியது. கண்ணுக்குள் அழற்சி என்று சொன்ன டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, நான் சொல்லும்வரை நிறுத்தாதே என்றார். போட்டேன். குறையவும் ஆரம்பித்தது.

அப்போதுதான் வேலூர் சத்துவாச்சாரியில் அந்த மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம். பிரசங்கம் செய்த ஊழியர் பெயர் வேண்டாம். வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ, எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். "மருந்து போடுகிறவன் கர்த்தரைப் பாதிதான் நம்புகிறான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சபையில் என்னைவிட விசுவாசி யார்? பக்கத்துச் சகோதரியின் ஜெபத்தில்கூட எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்க்கிற ஆள் நான். விடுவிடுவென்று ஏறிப் போய் மருந்து பாட்டிலை மேடையில் வைத்தேன். அவர் கண்ணில் எண்ணெய் தடவினார். எரிச்சலில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. "பாருங்கள், கர்த்தர் கழுவுகிறார்!" என்று கத்தினார். எண்ணெய் பட்டால் ஆட்டுக் கண்ணும்தான் கொட்டும். தெரிகிறதா என்று மைக்கை நீட்டினார். அவர் மூக்கு எது, மைக் எது என்றே எனக்குத் தெரியவில்லை. "விசுவாசத்தோட சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன்.

சாட்சி சொன்ன வாயோடு மறுபடியும் கண் டாக்டர் வாசலில் எப்படிப் போய் நிற்பது? யாராவது பார்த்துவிட்டால் மானம் என்ன ஆவது? மருந்து போடவில்லை. இரண்டே வாரத்தில் வெயில் ஊசியாகக் குத்தியது. இரண்டு சகோதரிகளிடம் மட்டும் அழுதேன். "வாயால அறிக்கை பண்ணிட்ட, பின்வாங்காத" என்றார்கள். அவர்களுடைய கண் நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனி பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, கண்ணு போவுது. ஒரு ஆள அனுப்பும்." அங்கேயும் என் திமிர் அடங்கவில்லை. ஆள் விசுவாசியாக இருக்க வேண்டும், படித்தவராக இருக்க வேண்டும், வெளியே வாய் திறக்காதவராக இருக்க வேண்டும் என்று, வரன் தேடுகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

வெளியே வந்தால் என் டேபிள் பக்கத்தில் மெஹ்ருன்னிசா நிற்கிறாள். எதிர் வரிசையில் தைப்பவள். ஆறாவதோடு படிப்பை விட்டவள், வாய் ஓயாதவள். நான் அதிகமாக அம்பு ஒட்டித் திருப்பியது அவளுடைய பீஸைத்தான். அவள் டிபனை நீட்டினால் ஒரு நாளும் வாங்கமாட்டேன். அன்றைக்கு அவளே தைத்த பீஸில் அவளே சிவப்பு அம்பு ஒட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"இத பாஸ் பண்ணிட்டியே அக்கா. தையல் விட்டுக் கிடக்குது. எனக்கு சந்தோசமா இருக்கணும், ஆனா பேஜாரா இருக்குது. உன் கண்ணுக்கு இன்னா ஆச்சு?"

"ஆண்டவர் சுகம் குடுத்துட்டாரு."

"குடுத்தாரா? அப்போ எத்தினி எடத்துல விட்டிருக்குது, சொல்லு."

உற்றுப் பார்த்தேன். தோல் கறுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உடைந்து அழுதுவிட்டேன். அவள் சூப்பர்வைசரிடம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, என்னைக் கையோடு வேலூர் பஸ்ஸில் ஏற்றினாள். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

மருந்தை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கத்தினார். வெள்ளை ஷூ ஊழியரைச் சொல்லியிருக்கலாம். "நானாதான் நிறுத்தினேன் சார்" என்றேன். அந்த லெந்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார்.

மாசக்கணக்கில் மருந்து போட்டேன். மதியச் சொட்டு அவள் பொறுப்பு. "கண்ண மூடாத அக்கா" என்று அதட்டி, பிஸ்மில்லா சொல்லிச் சொட்டு விடுவாள். நான் ஆமென் சொல்வேன். இதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம்.

இப்போது கண் தெளிவாகத் தெரிகிறது. ஸ்தோத்திரம். தையல் விட்டால் அவள் பீஸில் இன்றும் அம்பு ஒட்டுகிறேன், அவள் டிபனில் பங்கும் கேட்கிறேன். ஜெபிக்கிற சகோதரிகளுக்கு அம்பு ஒட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, ஆண்டவரைக் கேளுங்கள். கண்டிப்பாக ஆள் அனுப்புவார். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் கேட்ட மாதிரி ஆளையே தேடிக்கொண்டு இருந்திருந்தால், இதை எழுத எனக்குக் கண் இருந்திருக்காது.