சலவை மெஷினுக்கு ஒரு ஜோடிச் செருப்பு

இந்தோனேசியாவின் சுரபயா நகரத்தில், வோனோக்ரோமோ பகுதியில், கார் நுழையாத சந்து ஒன்றில், முஜியாந்தோ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நச்சு முஜி என்று கேட்டால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். எலக்ட்ரீஷியன். ஒரு பிளக் மாட்டக் கூப்பிட்டால், வீட்டு ஒயரையெல்லாம் தடவிப் பார்த்து, "இந்த ஒயருக்கு இந்த ட்ரிப்பர் பெரிசு, சின்னது போடுங்க" என்று ஒரு மணி நேரம் பிராணனை வாங்குவான். சுமை கூடினால் கரண்டைத் துண்டிக்கும் அந்த ட்ரிப்பரைப் பெரிசாகப் போட்டால் அடிக்கடி விழாதே என்று யாராவது கேட்டால், "ஆமா, ட்ரிப்பர் விழாது, ஒயர் எரியும்" என்பான். ஊருக்கெல்லாம் இப்படி நியாயம் பேசியவன், ஏழு வருஷமாகக் குடியிருக்கும் மாமியார் வீட்டில் மட்டும் வாயைத் திறந்ததில்லை.

மாமியார் காசியாத்தி, கிலோ கணக்கில் அழுக்குத் துணி வாங்கித் துவைத்துக் கொடுப்பவர். பின்கட்டில் தரை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. அங்கே நின்ற சலவை மெஷின், கடல் தாண்டிப் பாலிக்பாப்பான் ஊரில் வேலை பார்க்கும் மகன் ஹெரு அனுப்பியது. தொட்டால் விர்ரென்று ஷாக் அடிக்கும். அதற்கு வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன வைத்தியம், பக்கத்து ஆணியில் தொங்கிய நீல ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் செய்யாது. மெஷினைக் குறை சொன்னால் மகனையே குறை சொன்ன மாதிரி. அதனால் முஜியும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொள்வான்.

ஒரு காலையில் அதே ஆணியில், பெரிய செருப்புக்கு மேலே, குட்டியாக இன்னொரு ஜோடி தொங்கியது.

"நினிங்குக்கு வாங்கினேன்" என்றார் மாமியார். "ரெண்டு வயசாச்சு, என் பின்னாடியே வந்துடுறா. இனிமே கவலை இல்ல பாரு."

நினிங் முஜியின் மகள். இத்தனை நாளும் தன் வாயை அடைத்தது மரியாதை இல்லை, வெறும் பயம்தான் என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

அன்றே மண்ணில் செம்புக் கம்பி அடித்து மெஷினுக்கு எர்த் கொடுத்தான். மீட்டரை அடுத்த பெட்டியில், கரண்டு கசிந்தால் அந்த நொடியே துண்டித்துவிடும் ட்ரிப்பர் ஒன்றை மாட்டினான். வீடு முழுவதற்கும் சேர்த்து ஒன்றே போதும் என்று நினைத்தான். அங்கேதான் சறுக்கினான்.

மறுநாள் மெஷின் சுற்றத் தொடங்கியதும் வீடே அணைந்தது. டிவி தொடர் நின்றது, கரண்டுப் பானையில் சோறு அரைவேக்காட்டில் நின்றது, துணி நுரையோடு கிடந்தது. ஐந்து முறை தூக்கிவிட்டான், ஐந்து முறையும் விழுந்தது.

"உன் பெட்டிக்குத்தான் கிறுக்கு" என்றார் மாமியார். "வெள்ளிக்கிழமை வேற எலக்ட்ரீஷியன், அந்த பார்டிய வரச் சொல்லியிருக்கேன். அவன் வந்து கழட்டிப் போட்டுடுவான்."

"மெஷின்ல கசியுதுங்க இபு" என்றான் முஜி. மாமியாரை அம்மா என்கிற அர்த்தத்தில் இபு என்றுதான் கூப்பிடுவான்.

"ஹெரு அனுப்பினதுலயா? சோறு பொங்குற பானையும்தான் நின்னுச்சு. அதுலயும் கசியுதா?"

கேள்வி நியாயமானது. புருஷனை மரியாதையாக மாஸ் என்று கூப்பிடும் மனைவி லிலிக் துணி பிழிந்தபடியே, "ஊருக்கெல்லாம் தனித்தனியா ட்ரிப்பர் போடச் சொல்லுவீங்களே மாஸ், நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன கஞ்சத்தனம்?" என்றாள். சுருக்கென்று தைத்தது, ஆனால் வழியும் அதிலேயே இருந்தது.

வியாழக்கிழமை பெட்டியை மறுபடி திறந்தான். மெஷின் லைனை மட்டும் பிரித்து, கசிவையும் சுமையையும் சேர்த்தே கவனிக்கும் ட்ரிப்பர் ஒன்றைத் தனியாகக் கொடுத்தான். மற்றதெல்லாம் முந்தின ட்ரிப்பரில் இருந்தது. விளக்குக்குச் சின்னது, பிளக்குகளுக்கு அதைவிடக் கொஞ்சம் பெரியது என்று அதற்குக் கீழே வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, அடுத்த சந்து எலக்ட்ரீஷியன் பார்டி ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வந்தான். மாமியார் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு மெஷினைப் போட்டார். டக். மெஷின் நின்றது. டிவியில் கதாநாயகி விடாமல் அழுதுகொண்டிருந்தாள், பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

பார்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி மேல தப்பு இல்லைங்க இபு. வீட்டுலயே இந்த மெஷின் ஒண்ணுதான் திருட்டு முழி முழிக்குது" என்றான்.

காசியாத்தி மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு முஜியிடம், "பின்பக்கத்தத் திற" என்றார்.

உள்ளே மோட்டார் ஒயரை எலி கடித்திருந்தது. செம்பு வெளியே வந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது.

"மாஸ் ஹெரு அனுப்பினது நல்ல மெஷின்தாங்க இபு" என்றான் முஜி. "எலிதான் பல்லு வச்சிருக்கு." மாமியார் முகத்தில் உயிர் வந்தது. முஜி புது ஒயர் போட்டு மூடியதும், பார்டிக்கும் சேர்த்துச் சோறு போட்டார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்முன் முஜி பின்கட்டுக்குப் போனான். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கை ஆணிக்குப் போனது. ஆணி வெறுமையாக இருந்தது.

"செருப்பு எங்கேங்க இபு?"

"பெரிசு கக்கூசுக்கு, சின்னது தெருவுக்கு" என்றார் மாமியார், திரும்பிப் பார்க்காமல். "ஏன், நீ போட்ட ட்ரிப்பர் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

ஈரத் தரையில் வெறுங்காலோடு நினிங் மெஷினைக் கட்டிப்பிடித்து, அதன் நடுக்கம் கன்னத்தில் ஏற ஏறச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் இழுக்கவில்லை. முஜி தன் செருப்பையும் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றான்.