காலையில் நூற்றுப் பத்து

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் வழியாகத் திருவேங்கடம் போகும் தனியார் பஸ்ஸில் சங்கரசுப்பு கண்டக்டர், நான் டிரைவர். பதினோரு வருஷமாக ஒரே வண்டி. எங்களுக்கு ஐந்து நிமிஷம் பின்னால் இன்னொரு பஸ் வரும். நாங்கள் கொஞ்சம் அசந்தால் முந்திப் போய் ரோட்டில் நிற்கிற ஆளையெல்லாம் அள்ளிவிடும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எங்கள் பிழைப்பு.

சுப்புவுக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை உண்டு. போன வருஷம் முடக்குவாதமும் சேர்ந்துகொண்டது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, டிக்கெட்டைப் பயணிகளையே கிழித்துக்கொள்ளச் சொன்னார். திருநெல்வேலியில் ஒரு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி. ஒரே வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மத்தியான டிரிப்பில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் திருவேங்கடம் போவதற்குள் காலி. வழியில் இரண்டு தடவை விசில் அடித்து வண்டியை நிறுத்தி, கருவேலமரத்துக்குப் பின்னால் ஓடுவார். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போவான். எனக்கு வயிறு எரியும்.

"என்னவே, சுகர் ஏறிட்டா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் கரெக்டா இருக்கு அப்சல் பாய். நூத்திப் பத்து" என்று ரிப்போர்ட்டை நீட்டினார்.

ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அவர் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கிற லட்சணம் அப்படி. மாதம் ஒருமுறை, முதல் டிரிப்புக்கு முன்னால், வெறும் வயிற்றில் கொடுப்பார். அதற்கு முந்தின இரண்டு நாளும் சோற்றைத் தொடமாட்டார். கேப்பைக் கூழும் பாகற்காயும்தான். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புஸ்தகத்தைத் திறக்கிற பிள்ளை மாதிரி. உள்ளூர் சுகர் டாக்டரிடம் மூட்டு மாத்திரையைப் பற்றி மூச்சே விடவில்லை. கேட்டால், "அது வேற டாக்டரு, வேற வியாதில்லா?" என்பார்.

ஓனர் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வாரம் இப்படி லேட் ஆச்சுன்னா கண்டக்டரை மாத்திருவேன்" என்றார். மறுநாளிலிருந்து சுப்பு நிறுத்தச் சொன்னாலும் நான் நிறுத்தவில்லை. அவர் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன். அவர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குப் பின்சீட்டில் வந்து சரிந்தார். உதடு வெடித்து, கண் செருகியிருந்தது. குருவிகுளத்தில் தினமும் ஏறும் நர்ஸ் செல்வமணி தன் பையிலிருந்த மிஷினை எடுத்து அவர் விரலில் குத்திப் பார்த்தார். அதில் எண்ணே வரவில்லை.

"அறுநூறுக்கு மேல போனா இப்படித்தான். நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க அண்ணாச்சி" என்றார்.

பயணிகளோடு வண்டியைத் திருப்பினேன்.

இரண்டு நாள் கழித்து சுப்பு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபோது ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கினார். "இந்த மூட்டு மாத்திரையைக் காலையில போட்டா, சுகர் மத்தியானத்துக்கு மேலதான் ஏறும். விடியறதுக்குள்ள இறங்கிரும். நீங்க காலையில மட்டும் பாத்தா எப்படித் தெரியும்? அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க, அது இன்னும் ஆபத்து. இனிமே மத்தியானம் டெஸ்ட் பண்ணணும், ஊசி போடணும், நேரத்துக்குச் சாப்பிடணும்."

"போட்டா சுகரு, போடாட்டா கையி. இது என்ன பொழப்பு சார்?" என்றார் சுப்பு. அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

டாக்டர் விடவில்லை. "நாக்கு வறண்டிருக்கும். அடிக்கடி ஒண்ணுக்கு வந்திருக்கும். அப்பவே தெரியலையா?"

"தெரிஞ்சுது சார்" என்றார் சுப்பு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவருதான் வண்டியை நிறுத்தல."