அக்காவுக்கு வந்த கிரிஞ்ச்

எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று. அதன்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தடா பக்கத்துக் கம்பெனியின் கேன்டீனுக்கு வெளியே அக்கா ஆடுவாள். அக்கா என்றால் உடன்பிறந்தவள் அல்ல. சத்தியவேட்டிலிருந்து என்னோடு கம்பெனி பஸ்ஸில் வந்து, ஒரே லைனில் வேலை செய்பவள். நாற்பதைத் தாண்டிய முட்டிவலிக்காரி. ஆட்டம் துளிகூட வராது.

அவளுடைய ஒரே மகன் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். பரீட்சையில் தேறவில்லை என்று அப்பா கை நீட்டியதும் வீட்டைவிட்டுப் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில், "மேஜர் கதா, வஸ்தாடுலே" என்று, வயது வந்தவன்தானே, தானாக வருவான் என்று தெலுங்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "எங்க இருந்தாலும் போனைப் பார்த்துக்கினுதான் இருப்பான். அவன் கண்ல நான் படணும்" என்று அக்கா ரீல்ஸ் போட ஆரம்பித்தாள்.

வீடியோவுக்குக் கீழே கமெண்டில் வரிசையாக ஒரே சொல்: கிரிஞ்ச். "இன்னாம்மா அர்த்தம்?" என்று கேட்டாள். அடுத்தவர் செய்வதைப் பார்த்து நமக்குக் கூச்சமாக இருப்பது என்றேன். அப்போது அது அவ்வளவுதான். போகப்போக, ஒருத்தி சத்தமாகச் சிரித்தால் கிரிஞ்ச், தலை நிறையப் பூ வைத்தால் கிரிஞ்ச் என்றாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோ, திட்டத் திட்ட வீடியோ இன்னும் நாலு பேருக்குப் போகிறது என்று கண்டுகொண்டாள். "நீயும் கிரிஞ்ச்னு போடும்மா" என்று கெஞ்சினாள். கை கூசக் கூசப் போட்டேன்.

ஒருநாள் பஸ்ஸில் என் கையைப் பிடித்து இழுத்துப் போனைக் காட்டினாள். படமில்லாத ஏதோ ஒரு அக்கவுண்டிலிருந்து வந்திருந்தது: "அம்மா, கிரிஞ்சா இருக்குது. முட்டி வலிக்கும், வுட்டுடு."

"அம்மான்னு கூப்ட்டுக்கிறான் பாரு! முட்டிவலி வேற யாருக்குத் தெரியும்?" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். "துன்னியாடா கண்ணு" என்று பதில் போடச் சொன்னாள். நான் அடித்து முடிப்பதற்குள் அந்த அக்கவுண்டே காணாமல் போயிருந்தது. அந்த நிமிஷத்து அவள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது லைனுக்குப் புதிதாக வந்த பெண்கள், பிடித்தவர்களைத்தான் செல்லமாகக் "கிரிஞ்ச்" என்கிறார்கள். அக்காவையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் சிரித்துக்கொள்கிறாள். அவனிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

இன்று மதியமும் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்தாள். முட்டி வீங்கியிருந்தது. "அவன்தான் வேணாம்னு சொல்லிட்டானே அக்கா" என்றேன்.

"நிறுத்திட்டா, அப்புறம் எதைப் பார்த்து என்னைத் திட்டுவான்?" என்றாள். பாக்ஸில் சோறு அப்படியே இருந்தது.