வகை எழுதும் கட்டம்

ஒன்சிமா இருபத்தாறு வருஷமாக ஊரார் ரத்தத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவர். நாட்டின் மேற்கு மூலையில், ஆருவா நகருக்கு வடக்கே உள்ள எங்கள் சுகாதார நிலையத்தில் நுண்ணோக்கி அவருடைய சொத்து மாதிரி. வேறு யாராவது தொட்டால் முகம் சுண்டிப்போகும்.

தூக்க நோய்க் கிருமி ஈக்கடியால் பரவும் ஒற்றைச் செல் உயிர். அதில் இரண்டு வகை. கண்ணாடிக்கு அடியில் பார்த்தால் இரண்டுக்கும் இம்மி வித்தியாசமும் தெரியாது. எங்கள் மேற்குப் பக்கத்து வகை ஆளை வருஷக்கணக்கில் அரிக்கும்; கிழக்கு வகை மாட்டு உடம்பிலும் தங்கியிருக்கும், ஆளுக்கு வந்தால் சில வாரங்களில் கதையை முடித்துவிடும். மருந்தும் வேறு வேறு. அதனால் நோயாளி எந்தப் பக்கத்து ஆள், எங்கே போய் வந்தார், வீட்டு மாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் பதிவேட்டுக் கட்டத்தில் வகையை எழுத வேண்டும். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் உள்ளூர்தானே என்று ஒன்சிமா கேட்காமலே 'மேற்கு' என்று எழுதிவிடுவார்.

அவருடைய தங்கை சாந்திரு காய்ச்சலோடு வந்தபோதும் அப்படித்தான். விரலில் ஊசி குத்தும்போதும் அவள் வாய் ஓயவில்லை.

"உன் மகளுக்குப் பரிசமா வந்த மாட்டை மேய்ச்சே என் இடுப்பு போச்சுண்ணே. கிழக்கே சொரோட்டியிலேருந்து லாரியில வந்த மகாராணிங்க! ஓடைக்கு ஓட்டிட்டுப் போனா ஈ அதுங்களையும் கடிக்குது, என்னையும் கடிக்குது."

"சரி சரி, கையை ஆட்டாத."

வழக்கமாக ஒரு கிருமியைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். அன்று குனிந்ததும் கூட்டம் கூட்டமாக நெளிந்தன.

"பார்த்தியா உங்கண்ணன் கண்ணை! ஒரே நிமிஷத்துல புடிச்சிட்டேன்" என்று பெருமையடித்துக்கொண்டார், பாவி மனுஷன். ரத்தத்தில் அவ்வளவு கிருமி இருந்தால் கிழக்கு வகையைச் சந்தேகிக்க வேண்டும் என்று படித்தவர்தான். இருந்தும் 'மேற்கு' என்றே எழுதினார்.

ஏழு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த வாரம் முகம் ஊதியது, இதயம் தடுமாறியது. புதிதாக வந்திருந்த டாக்டர், "வீட்டுல கிழக்கேயிருந்து வந்த மாடு ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோதுதான் தங்கை சொன்ன சொரோட்டி மாடுகள் ஒன்சிமாவுக்கு நினைவுக்கு வந்தன. சரியான மருந்து தலைநகரிலிருந்து வந்து சேர்வதற்கு முதல் நாளே சாந்திருவைப் புதைத்துவிட்டார்கள்.

துக்கத்துக்கு வந்த மகள் த்ரிசிரு மாட்டுப்பட்டியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என் மாட்டாலதானேப்பா அத்தை போனாங்க? நான் கல்யாணமே பண்ணியிருக்கக் கூடாது."

பழி மாட்டோடு போகட்டும் என்று விட்டுவிட ஒரு கணம் அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"மாட்டு மேல பழி போடாதம்மா. கேட்டு எழுதுறதுதான் என் வேலை. சொந்தத் தங்கச்சிகிட்டக் கூட நான் கேக்கல. தப்பான மருந்துக்கு எழுதிக் குடுத்தது நான்."

அன்று மாலை புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது த்ரிசிரு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், அவரிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.