மரத்தடி வெயில்

எங்கள் அப்பா கார் வாங்கும் முன்பே லைசென்ஸ் வாங்கிவிட்டார். பாக்கி இருந்தது கார் ஒன்றுதான். அது வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலம் முழுக்கக் கரமனையில் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லாம் நாகர்கோவில் மாமாவால் வந்தது. அம்மாவின் தம்பி. அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு தீபாவளிக்கு நாங்கள் பஸ்ஸில் கசங்கி, மூட்டை முடிச்சோடு போய் இறங்கியபோது, அவர் வாசலில் நின்றுகொண்டு நாலு பேர் கேட்கும்படி, "அத்தான், டிக்கெட்டப் பத்திரமா வச்சிருக்கியளா? திரும்பிப் போறதுக்கும் செல்லுமான்னு பாருங்க" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. "இனி இந்த வாசப்படிய மிதிச்சா சொந்தக் கார்ல வந்துதான் மிதிப்பேன்" என்று அப்பா அங்கேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அம்மாவைத் தனியாகவும் அனுப்ப மாட்டார்.

அதற்குப் பிறகு தாத்தா, அம்மாவைப் பெற்றவர், படுத்த படுக்கையானார். அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும், "மகளத்தான் கேட்டுக்கிட்டே கெடக்காரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். தெருவில் கார் சத்தம் கேட்டால் பால் பொங்குவதையும் விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். வருவது யாருடைய காராகவோ இருக்கும்.

அப்பா தேடவில்லை என்று சொல்ல முடியாது. தேடத்தான் செய்தார். எதுவும் தேறவில்லை. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அவருக்கு அரிசி மண்டி இருந்தது. மூட்டையின் மேலே கிடக்கும் அரிசியை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குத்தூசியை எடுத்து அடிமூட்டையில் ஒரு குத்து. கையில் வந்து விழும் அரிசியைத்தான் நம்புவார். "மேல இருக்கது காட்டுகதுக்கு. அடியில கெடக்கதுதான் சரக்கு" என்பார். காரையும் அப்படித்தான் பார்த்தார். போகிற இடத்துக்கெல்லாம் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கொண்டுபோய் வண்டிக்கடியில் விரிப்பார். எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க அது. பிறகு அதன்மேலேயே மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்துவிடுவார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். விற்க வந்தவர் அந்தக் கால்களோடுதான் பேச வேண்டும்.

ராத்திரி இலையில் உட்கார்ந்ததும் பிரசங்கம் ஆரம்பமாகும். டயரை எப்படி அழுத்த வேண்டும், புகை என்ன நிறத்தில் வர வேண்டும், குளிர்ந்து கிடக்கிற வண்டியைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், மோசமான வண்டியாக இருந்தால் நாம் போவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்து ஏமாற்றுவார்கள், இப்படிப் போகும். நான் பாதியிலேயே தூங்கி விழுந்துவிடுவேன். அம்மா மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பரிமாறுவாள்.

கடைசியில் சாஸ்தமங்கலத்தில் ஒரு ரிட்டயர்டு ஆபீசரின் கறுப்புக் கார் விலைக்கு வந்தது. அப்பா பஞ்சாங்கம் பார்த்து, இன்ன நேரத்துக்கு வருகிறோம், அந்த நல்ல நேரத்தில்தான் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முந்தின நாளே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார். அன்று அம்மா, "நானும் வாறேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். இதுவும் தேறாவிட்டால் தாத்தாவை உயிரோடு பார்க்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். போகிற வழியெல்லாம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

கார் ஒரு பெரிய பலா மரத்தடியில் நின்றது. காலை நேரம். தரையில் ஈரம்கூடக் காயவில்லை. "நோக்கிக்கோ பிள்ளே, நல்லோணம் நோக்கிக்கோ" என்று அப்பாவிடம் மலையாளத்தில் சொன்னார் ஆபீசர். "ராத்திரியிலேருந்து வண்டிய எடுக்கலையே சார்?" என்று அப்பா கேட்டார். "ஏய், தொட்டிட்டுகூடி இல்ல" என்றார் அவர், தொடவே இல்லை என்று கையை விரித்துக் காட்டி. அப்பா வேட்டியை விரித்து உள்ளே போய்விட்டார்.

எனக்கும் ஒரு வேலை உண்டு. இன்ஜின் ஓடும்போது பானட்டின்மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைக்க வேண்டும். சிந்தாமல் நின்றால் நல்ல வண்டி. அம்மா கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். எங்கே வைக்கலாம் என்று நான் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, சுடுது."

அம்மா அப்பாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு ஆபீசரைப் பார்த்தாள். அவர் பலா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையை இழுத்துத் தன் தலைப்பால் துடைத்துவிட்டு, "வெயிலு மக்கா. பேசாம நில்லு" என்றாள்.

நல்ல நேரம் வந்தது. அப்பா எழுந்து தூசி தட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆயிற்று. டம்ளரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. வேட்டியும் வெள்ளையாகவே இருந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நாகர்கோவிலுக்குக் கிளம்பினோம். கிளம்பினோம் என்று சொல்வது தப்பு. வண்டி கிளம்ப வேண்டுமே! அப்பா சாவியைத் திருகினார், கைப்பிடியை மாட்டிச் சுற்றினார், இறங்கி நின்று முறைத்தார். அது செத்த எருமையாகக் கிடந்தது. கடைசியில் தெருவே திரண்டு வந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் தள்ளியது. அப்பாவின் மானம் கரமனை ஆற்றோடு போன மாதிரிதான். ஒருவழியாக இருமிக்கொண்டு கிளம்பியது. "அங்க ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆச்சே, ஒரே தட்டுல" என்று அவர் வழி முழுக்கப் புலம்பினார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்காவது நின்றுவிட்டால் மறுபடி எழும்பாதோ என்று பயந்து, எனக்கு ஒன்றுக்கு வந்தபோதும் அப்பா நிறுத்தவில்லை.

மாமா வாசலில்தான் நின்றார். அம்மா இறங்கி நேரே உள்ளே ஓடினாள். மாமா காரைச் சுற்றி வந்தார், பானட்டில் கை வைத்தார். "அம்மாடி, என்னா சூடு!"

"அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கு. சுடாதா பின்ன?" என்றார் அப்பா.

எங்கள் காரின் பெருமையை அப்பா குறைத்துச் சொல்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க வண்டி ஓடாம நிக்கும்போதே சுடும் மாமா! வாங்கப் போன அன்னைக்கு ஸ்டார்ட் பண்ணுகதுக்கு முன்னாலயே சுட்டுது. அம்மாகிட்ட கேளுங்க!"

கார்க் கதவைச் சாத்தப் போன அப்பாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்தார். வாசலுக்கு நேரே இருந்த அறையில் அம்மா தாத்தாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அங்கே கேட்டிருக்க வேண்டும். கரண்டி பாதியில் நின்றது. அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அதென்ன அத்தான், நிக்கும்போதே சுடுகது?" மாமா சிரிக்கத் தயாராகிவிட்டார்.

"வெயிலு" என்றார் அப்பா. "அன்னைக்கு நல்ல வெயிலுல்லா."

உள்ளே கரண்டி மறுபடி அசைந்தது.

"இல்லப்பா, பலா மரத்தடியிலல்லா நின்னுது" என்றேன் நான். "வெயிலுதான் மக்கா" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமாவின் வாசற்படியை மிதித்து உள்ளே போனார். தாத்தாவின் காலடியில் போய் உட்கார்ந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா ஒரு தடவை சொன்னாள். இப்போது அப்பாவும் அதையே சொல்லிவிட்டார். பலா மரத்தடியிலும் வெயில் அடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் நெடுநாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.