மடைப்பள்ளிச் சுத்தத்தில் ஒரு கடல்

எங்கள் வீட்டு மீன்தொட்டிக்குச் சளி பிடித்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பழுப்பு நிறத்தில், கொழகொழவென்று, நூல் நூலாக இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழியோடு, மணல்மேலும் பாறைமேலும் பவளத்தின்மேலும் அது படர்ந்திருந்தது. காலையில் தொட்டி விளக்கைப் போடும்போது கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். மதியம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வருவதற்குள் தொட்டி முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். மோர் சாதத்தோடு பார்க்கிற காட்சி இல்லை அது.

அது உப்புநீர்த் தொட்டி. கைப்பேசி என்றால் பாம்பு விளையாட்டு மட்டும் இருந்த அந்தக் காலத்தில், சின்ன காஞ்சிபுரத்தில் கடலைக் கூடத்தில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய சென்னை நண்பன் ஒருவன், நான் உயிரியல் வாத்தியார் என்ற ஒரே தகுதியை நம்பி, நாலடித் தொட்டியையும் இரண்டு கோமாளி மீன்களையும் சில நத்தைகளையும் குடைக்காளான் போல விரியும் ஒரு பவளத்தையும் என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறினான். உயிரியல் வாத்தியாருக்குத் தவளையை அறுக்கத் தெரியும். எதையாவது வளர்க்கத் தெரியும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ.

ஆனால் தொட்டி வந்த நேரம் நல்ல நேரம். அப்பா அதற்குச் சில மாதம் முன்புதான் கோயில் மடைப்பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்றார் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் கை நடுக்கம் கண்டு, ஒருநாள் புளியோதரை உருளியைச் சாய்த்துவிட்டார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, பக்குவமாக வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் பெருமாளுக்குத் தளிகை பண்ணியவர் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? என் மனைவியின் ரசத்துக்கு வந்தது ஆபத்து. மூன்றாம் மாதம் அவள் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய், அப்பாவுக்கு ஒரு வேலை தேடித் தருகிறீர்களா, இல்லை நான் பிறந்தகத்துக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அவள் பிறந்தகம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இருந்தாலும் பயந்துவிட்டேன்.

தொட்டி அப்பாவின் கைக்குப் போனது. மறுநாளே அது தொட்டியாக இல்லை, சந்நிதியாகிவிட்டது. குளித்து, ஈர வேட்டியோடு வந்துதான் மூடியைத் திறப்பார். குளிக்காமல் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. வடிகட்டியின் பஞ்சைத் தினமும் அலசுவார். கண்ணாடியைத் தினமும் துடைப்பார். வாரத்துக்கு இரண்டு தரம் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவார். புதுத் தண்ணீரில் உப்புக் கலப்பதை மட்டும் நான் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். பெருமாளுக்கு முன்னால் தளிகைக்காரன் ருசி பார்க்கக்கூடாது என்பதால் நாற்பது வருஷமாகக் கண்ணாலும் மூக்காலும் மட்டுமே சமைத்தவர் அவர். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுவிட்டு, "பாருடா" என்பார். உப்புமானியை விட்டுப் பார்த்தால் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். எனக்கே பொறாமையாக இருக்கும்.

ஆகாரம் சுத்த சைவம். நண்பன் கொடுத்துவிட்டுப் போன உறைந்த இறால் பொட்டலம் வாசல்படி தாண்டவில்லை. காய்ந்த கடற்பாசியைப் பொடித்து, அதுவும் திருநீறு அளவுக்கு ஒரு சிட்டிகை. வைஷ்ணவர் வீட்டில் திருநீறு என்று எழுதுகிறேன், வேறு அளவு தோன்றவில்லை. கோமாளி மீன்கள் ஏகாதசி விரதம் இருப்பவை போல முகத்தை வைத்துக்கொண்டு தின்றன. எட்டு மாதம் தொட்டி பளிங்குபோல் இருந்தது. தெருவே வந்து பார்த்தது.

அப்புறம்தான் சளி.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சுத்தம். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார், மறுநாள் மதியம் அது திரும்பி வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றினார், இன்னும் தடிமனாக வந்தது. தீட்டோடு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று முதலில் என்னையும், பிறகு என் மனைவியையும், கடைசியில் வாசலோடு போய்விடுகிற பால்காரரையும் சந்தேகப்பட்டார். நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்து மல்லாந்தன. பவளம் குடையை மடக்கிக்கொண்டது. நான் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சாயங்காலம் அவர் ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடியே பேசும்வரை.

"கை போயிடுத்துடா. மடைப்பள்ளியில அவா சொன்னது சரிதான்."

மீன் போனால் இன்னொரு மீன் வாங்கலாம். இவர் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்தது இந்தத் தொட்டியைத்தான். இதுவும் போனால் அப்பா எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

மறுநாள் சளியை ஒரு சீசாவில் எடுத்துப் போய்ப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தேன். எள் மாதிரியான மணிகள், ஒரு முனையை ஆணியடித்து வைத்ததுபோல், நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தன. டைனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒற்றைச்செல் கடலுயிரி. வருஷா வருஷம் ஒரு மதிப்பெண் கேள்வியாக நான் கேட்டுவந்தது, என் வீட்டிலேயே குடியிருந்திருக்கிறது. சென்னைக் கொளத்தூரில் தொட்டிக்குக் கடல்மீன் விற்பவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். என்னென்ன செய்கிறோம் என்று வரிசையாகக் கேட்டார். நானும் பெருமையாகச் சொன்னேன்.

"சார், தண்ணிய இவ்ளோ சுத்தமா வச்சினுகீறீங்களே, அதுல எது சார் பொழைக்கும்? மத்ததெல்லாம் பட்டினில செத்துப்போச்சு. இது ஒண்ணுதான் காலி வூட்ல வந்து குந்திக்கினு இருக்குது."

மருந்தையும் அவரே சொன்னார். மூன்று நாள் விளக்கை அணைத்து, கம்பளி போட்டு மூடவேண்டும். தண்ணீர் மாற்றவே கூடாது. பஞ்சை அலசக்கூடாது. இறால் போடவேண்டும், தாராளமாக. பழைய தொட்டி ஒன்றிலிருந்து அழுக்கு மணல் கொண்டுவந்து கொட்டவேண்டும். சுருக்கமாக, அப்பா செய்த எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், செய்யாத எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவன் நான், மூன்று நாள் தள்ளிப்போட்டேன். மனைவியை அனுப்பிப் பார்த்தேன், தன் ரசத்துக்கு இப்போதுதான் விமோசனம் வந்திருக்கிறது என்று மறுத்துவிட்டாள். கடைசியில் நானே சொன்னேன். வார்த்தைகளுக்கு எவ்வளவு சர்க்கரை தடவினாலும் உள்ளே இருந்தது ஒன்றுதான்: நீங்கள் கை வைக்காமல் இருந்தால் பிழைக்கும். அவர் முழுக்கக் கேட்டார். கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டார்.

தொட்டிமேல் கம்பளி விழுந்தது. வீட்டில் கிரகணம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அப்பா என்னோடு பேசவில்லை. ஆனால் அன்று மாலை பார்த்தால் கம்பளிமேல் ஒரு தர்ப்பைப் புல் கிடந்தது. கிரகணத்தின்போது ஊறுகாய் ஜாடிமேல் போடுவோமே, அது. எடுக்காமல் விட்டுவிட்டேன். எந்தப் புத்தகத்திலும் சொல்லப்படாத சிகிச்சை என்றாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

நாலாம் நாள் கம்பளியை எடுத்தபோது சளி பாதி போயிருந்தது. கொளத்தூர் போய் வாங்கிவந்த அழுக்கு மணலை யாரும் பார்க்காத நேரத்தில் கொட்டினேன். கூடவே வாங்கிவந்த இறால்தான் பெரும்பாடு. வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் குடும்பம் உடையும். பள்ளி ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்து, தினமும் ஒரு துண்டைப் புகைப்படச் சுருள் டப்பாவில் அடைத்து, சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு வருவேன். அப்பா கிணற்றடியில் இருக்கும்போது போட்டுவிட்டு, டெட்டால் சோப்பில் முழங்கை வரை கழுவிக்கொள்வேன். மீன்களின் விரதம் முடிந்தது. அவை தண்ணீரைக் கலக்கிக்கொண்டு தின்ற வேகத்தைப் பார்க்க எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

பத்து நாள் இப்படி ஓடியது. பதினோராம் நாள் டப்பாவோடு திரும்பினால் பின்னால் அப்பா நிற்கிறார். கடற்பாசி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ருசி பார்க்காமல் நாற்பது வருஷம் மூக்கை நம்பிச் சமைத்தவரிடம் போய்!

"அந்த வஸ்துவை இன்னும் சித்த ஜாஸ்தியாப் போடு. நேத்திக்குச் சின்னதுக்குப் போறலை," என்றார்.

பத்து நாளும் பார்த்திருக்கிறார். அதற்குப்பிறகு நான் டப்பாவைத் திறக்கும்போது அவர் மூன்றடி தள்ளி, மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, எந்த மீனுக்கு எவ்வளவு என்று கையால் காட்டுவார். முடிந்ததும் நான் குளிக்க வேண்டும். அவரும் குளிப்பார்.

இரண்டு மாதத்தில் சளி முழுக்கப் போனது. கண்ணாடியில் பச்சைப்பாசி படர்ந்தது, அதுதான் ஆரோக்கியம் என்றார் கொளத்தூர்க்காரர். பவளம் மறுபடி குடையை விரித்தது. தெருவில் யாரும் வந்து பார்க்கவில்லை. தொட்டி அவ்வளவு அழகாக இல்லை.

இனிமேல் மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றலாம் என்று கொளத்தூர்க்காரர் சொன்ன அன்று, நான் அப்பாவிடம் போய், நீங்களே மாற்றுங்கள் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு குளித்துவிட்டு வந்தார். சொம்பில் தண்ணீரை மொண்டு தூக்கினார். கை எவ்வளவு நடுங்குகிறது என்று அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாதி தொட்டியில் விழுந்தது, பாதி தரையில். நான் சொம்பை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"போன தடவை ஒரு சொட்டு சிந்தாமப் பண்ணினேன், கெட்டுப்போச்சு. இப்போ கொட்டிக் கொட்டிப் பண்றேன். நன்னா இருக்கும், பாரு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. அடுத்த சொம்பும் பாதி தரைக்குத்தான் போனது. நான் தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனேன்.